ஐந்தாறு அம்மாக்களின் கதை ஆய்வாகுமா?

அன்புள்ள அக்கா,

சமூகவியல் இறுதி ஆண்டு மாணவி நான். கிளிநொச்சிப் பக்கம் காணியில்லாத குடும்பங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இருநூறு படிவம் நிரப்புவதைவிட ஐந்தாறு அம்மாக்களின் வாழ்க்கையை முழுதாகக் கேட்டு எழுதவே விருப்பம். "அது கதை, தரவு அல்ல" என்கிறார்கள். வயதானவர்கள் ஆண்டுகளையும் மாற்றிச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

அன்புள்ள தங்கச்சி,

தயங்காமல் கேளுங்கள். சமூகவியலாளர்கள் தோமஸும் ஸ்னானியெக்கியும் 1918 முதல் 1920 வரை ஐந்து பாகங்களாக வெளியிட்ட போலந்துக் குடியானவர் ஆய்வு, குடும்பக் கடிதங்களையும் ஒரு குடியேறியின் நீண்ட சுயசரிதையையும் நம்பி எழுதப்பட்டது. நூறு வருடப் பழக்கமுள்ள முறை இது.

வன்னியில் இதற்கு இன்னொரு தேவையும் இருக்கிறது. போர் முடிந்தபோது இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாம்களிலிருந்தே எங்கள் சனம் படிவங்களுக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டது. கேள்வி 2009இல் தொடங்கும், இழப்புகளை எண்ணி முடியும். நீங்கள், "அம்மா, பிறந்த ஊரிலிருந்து சொல்லுங்கோ" என்று கேட்டுப் பாருங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து, காடு வெட்டிக் குடியிருந்து, காணிக்கான அரச அனுமதிப் பத்திரமான பெர்மிட் கிடைக்காமலே பிள்ளைகளை வளர்த்து, திரும்பத் திரும்ப இடம்பெயர்ந்து, கடைசியில் காணிக் கடதாசி இல்லாததால் வீட்டுத் திட்டத்துக்கு வெளியே நிற்கிற ஒருவரைப் படிவம் "மீள்குடியேறியவர், காணியில்லை" என்று ஒரு கட்டத்துக்குள் போட்டுவிடும். அவருடைய காணிப் பிரச்சினைக்குப் போரைவிட வயது கூட. எதற்குப் பின் எது நடந்தது, எந்த வருடம் யார் அவரைப் பதியாமல் விட்டார்கள் என்பதெல்லாம் கதையில்தான் வரும்.

சரி, எத்தனை பேர் போதும்? பிரான்சில் பேக்கரித் தொழிலாளர்களை ஆராய்ந்த சமூகவியலாளர் பெர்த்தோ, புதிதாகப் பேசுபவரும் முன்னவர்கள் சொன்ன அதே வாழ்க்கை ஒழுங்கைச் சொல்லத் தொடங்கும்வரை கேட்டார். ஐந்தாறில் அது வராவிட்டால் இன்னும் சிலரிடம் போங்கள். ஒரே தெருவில் கேட்காதீர்கள். பெர்மிட் கிடைத்த குடும்பத்தையும் கேளுங்கள்.

ஆண்டு குழம்பினால் "மூத்தவன் அப்ப தவழ்ந்தவனோ, யாழ்ப்பாணச் சனம் வந்திட்டுதோ" என்று கேளுங்கள். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்கு முன்னா பின்னா என்பது பிடிபட்டுவிடும். விதானையாரிடம் (கிராம சேவையாளரிடம்) உள்ள பதிவோடும் ஒப்பிடுங்கள். ஆனால் அம்மா சொன்னதை அழித்துத் திருத்தாதீர்கள், இரண்டையும் எழுதுங்கள்.

அப்புறம், பெயரை மாற்றினால் மட்டும் போதாது. இரண்டு மகன்மாரும் காணாமல் போன தாய், சந்தியில் இடியப்பம் விற்பவர் என்று எழுதினால் ஊருக்கே ஆள் தெரிந்துவிடும். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் வேண்டாம் என்பதை, எவ்வளவு நல்ல தரவாக இருந்தாலும், சமர்ப்பிக்க முன் எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா