வீட்டுக்கு போர் (ஆழ்துளைக் கிணறு) எப்படிப் போடுகிறார்கள்? பக்கத்தில் நின்று எதைக் கவனிக்க வேண்டும்?

நிலத்தடி நீர் தொடர்பான வேலையில் இருப்பதால் போர் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பது எனக்குப் பழக்கம். எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை அடி போச்சு?" என்பதுதான். என்னைக் கேட்டால், கிணறு எத்தனை வருஷம் நல்ல தண்ணீர் தரும் என்பது பெரும்பாலும் மேலே உள்ள முதல் சில பத்து அடிகளில் நடக்கும் வேலையைப் பொறுத்தது.

இடம் செப்டிக் டேங்கிலிருந்து குறைந்தது 50 அடியாவது தள்ளி, அதைவிட மேடான பக்கமாக இருக்கட்டும். வண்டி வந்ததும் ஜாக்கி வைத்து மட்டம் பார்த்து நிறுத்துவார்கள். இதில் அவசரம் கூடாது. வண்டி சாய்ந்தால் துளையும் சாயும், பிறகு மோட்டார் இறக்கும்போது சிக்கும்.

முதலில் பெரிய பிட்டை, அதாவது துளையிடும் முனையை, போட்டு மேல்மண்ணையும் மக்கிய பாறையையும் தாண்டிக் கெட்டிப் பாறை வரை போவார்கள். அதுவரை கேசிங் பைப், அதாவது துளையின் சுவர் சரியாமல் தாங்கும் குழாய், இறங்கும். பைப்பின் அடி கெட்டிப் பாறைக்குள் சில அடி இறங்கி அழுத்தமாக உட்கார வேண்டும். பைப் செலவை மிச்சம் பிடிக்க மக்கிய பாறையிலேயே நிறுத்தினால், மழைக்காலத்தில் அந்த இடுக்கு வழியாகச் சேறும் சாக்கடைத் தண்ணீரும் உள்ளே இறங்கும். பைப்புக்கு வெளியே இருக்கும் இடைவெளியைச் சிமெண்டுக் குழம்பாலோ பெண்டோனைட் களிமண்ணாலோ அடைக்க வேண்டும். தோண்டிய மண்ணையே தள்ளி மூடிவிட்டுப் போக விடாதீர்கள். நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்கிற இடம் இதுதான்.

அப்புறம் சிறிய பிட். கம்ப்ரஸர் காற்று, பிட்டைத் தாங்கும் நீளமான இரும்புக் குழாயான ராடுக்குள் இறங்கி, அடியில் உள்ள சுத்தியலின் பிஸ்டனை இயக்கும். பிட்டின் முகத்தில் பதித்த டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பாறையை நொறுக்கும். அதே காற்றுதான் தூளை ராடுக்கு வெளிப்புறமாக மேலே தள்ளுகிறது.

அந்தத் தூளைப் பாருங்கள். காய்ந்த பாறையில் அது புகை மாதிரி பறக்கும். ஈரம் தட்டினால் பறப்பது நின்று, பிசுபிசுவென்று உருண்டை உருண்டையாக விழும். சில்லுகளில் துருப்பிடித்தது போல் பழுப்புக் கறை இருந்தால், அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் நடமாடியிருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லலாம். ராடு திடீரென்று வேகமாக இறங்கினாலும் கவனியுங்கள், அது வெடிப்பாக இருக்கலாம். ஒவ்வொரு ராடு மாற்றும்போதும் ஆழம், தூளின் நிறம், தண்ணீரின் அளவு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பின்னால் மோட்டாரை எங்கே தொங்கவிடுவது என்று முடிவுசெய்ய அந்த நோட்டுதான் உதவும்.

பாறையே இல்லாத மணல், களிமண் நிலமானால் முறை வேறு. சேற்றுக் கலவையைச் சுழலவிட்டு ரோட்டரியில், அதாவது பிட்டைச் சுழற்றிக் குடையும் முறையில், துளையிடுவார்கள். அடிவரைக்கும் பைப் போட்டு, நீர் உள்ள மணல் அடுக்கில் சல்லடை பைப் வைத்து, அதைச் சுற்றிப் பொடி ஜல்லி கொட்டுவார்கள்.

எங்கே நிறுத்துவது? பாறையில் பொதுவாக ஆழம் போகப் போக வெடிப்புகள் குறைந்து இறுகிவிடும். 6 அங்குலத் துளையில் ஓர் அடிக்கு ஏறக்குறைய ஐந்தரை லிட்டர் தண்ணீர் நிற்கும். புது ஊற்று எதுவும் சிக்காமல் இன்னும் 100 அடி போனால், உங்களுக்குக் கிடைப்பது சுமார் 550 லிட்டர் தேங்கும் இடம், அவ்வளவுதான். அந்த ஊரில் அக்கம்பக்கக் கிணறுகளில் எந்த ஆழத்தில் ஊற்று கிடைத்தது என்று முன்பே விசாரித்துவிட்டால் இந்த முடிவு சுலபம்.

துளை முடிந்ததும் தண்ணீர் தெளியும் வரை காற்றடிக்கச் சொல்லுங்கள். காற்றடிக்கும்போது பீய்ச்சுகிற தண்ணீரை வைத்து மோட்டார் வாங்காதீர்கள். துளையில் தேங்கியிருந்ததும் அதில் சேர்ந்துதான் வருகிறது. தற்காலிகமாக ஒரு மோட்டாரை இறக்கிப் பல மணி நேரம் ஓட்டி, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, நிறுத்தியபின் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று அளந்தால் உண்மை தெரியும். பிறகு குளோரின் போட்டுச் சுத்தம் செய்து, அந்தத் தண்ணீரை வெளியேற்றி, குடிக்கும் முன் ஒரு பரிசோதனை.

கேசிங் தரைக்கு மேல் ஓர் அடியாவது நிற்கட்டும், அதற்கு இறுக்கமான மூடி வேண்டும். தண்ணீரே வராத துளையாக இருந்தாலும் வண்டி கிளம்பும் முன் இரும்பு மூடியை நட்டுப் போட்டு முடுக்குங்கள். கைவிட முடிவு செய்தால் அடியிலிருந்து மேல்வரை நிரப்பிவிடுங்கள். ஒரு சின்னக் குழந்தை உள்ளே போய்விட அந்த அகலம் போதும்.