மசாலாத் தூள் ஒன்று போதும், மிளகாயும் உப்பும் தனியாக இருக்கட்டும்

பினாங்கில் எங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் தூள் அரைத்துக் கொடுப்பது நான்தான். "தினசரிச் சமையலுக்கு ஒரே மசாலா போதுமா?" என்று ஒருவர் கேட்க, கேள்விகள் வரிசையாக வந்துவிட்டன. பதில்கள் இதோ.

பட்டர்வொர்த்திலிருந்து: அக்கா, பொரியல், கோழி, ரசம் எல்லாவற்றுக்கும் ஒரே தூள் போடலாமா? அளவு என்ன?

ரசத்தை விட்டுவிடுங்கள், அதற்குச் சோம்பு வாசம் ஒத்துவராது. மிளகும் சீரகமும் தட்டிப் போட்டால் போதும். மற்றதற்கெல்லாம் நான் வைத்திருப்பது இதுதான்: கொத்தமல்லி விதை அரை கிலோ, சோம்பும் சீரகமும் 100 கிராம் வீதம், மிளகு 50, மஞ்சள் 50, வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி. மிளகாய் கிடையாது, உப்பும் கிடையாது. இரண்டையும் சமைக்கும்போது ஆளுக்கும் கறிக்கும் தக்கபடி போட்டுக்கொள்ளலாம். கடைத் தூளில் அந்தச் சுதந்திரம் இல்லை.

தனித்தனியாக வறுக்க வேண்டும். மல்லி வாசம் வருவதற்குள் சீரகம் கருகிவிடும். வெந்தயம் லேசாகச் சிவந்தால் போதும். கருத்துப்போனால் மொத்தத் தூளும் கசக்கும். விதையை ஜார்ஜ் டவுன் லெபோ பசார் கடைத்தெருப் பக்கம் சில்லறையாக வாங்கினால், நாலு மல்லியை உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பாருங்கள். வாசம் எழவில்லையென்றால் அடுத்த கடைக்குப் போங்கள்.

பிறையிலிருந்து: இரண்டே வாரத்தில் தூள் கட்டி கட்டியாகிவிடுகிறது.

நம் ஊர் ஈரக்காற்று ஒரு காரணம், நாம் செய்யும் அவசரம் இன்னொன்று. மில்லில் அரைத்த தூள் சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளேயே வேர்த்துவிடும். தாளில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். அப்புறம், கொதிக்கிற சட்டிக்கு மேலே டப்பாவைக் கவிழ்த்துத் தட்டும் பழக்கத்தை விடுங்கள், ஆவி ஏறிவிடும். கரண்டியால் எடுத்துப் போடுங்கள். ஒரு மாதத்துக்கு வேண்டியது வெளியே, மீதி ஃப்ரீசரில். வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர் போன பிறகு திறந்தால்தான் உள்ளே ஈரம் படியாது.

ஆயர் ஈத்தாமிலிருந்து: அப்பாவுக்கு இரத்த அழுத்தம். உப்பைக் குறைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறார்.

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது, சுமார் ஒரு தேக்கரண்டி. அதில் கிச்சாப் (சோயா சாஸ்), பெலாச்சான் (இறால் விழுது), நெத்திலிக் கருவாடு, சூப் கட்டி எல்லாவற்றிலும் இருக்கும் உப்பும் சேர்த்தி தங்கச்சி. முதலில் சூப் கட்டியை நிறுத்துங்கள். அடுப்பை அணைத்தபின் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, கொத்தமல்லித் தழை, ஒரு சிட்டிகை வறுத்த தூள் போடுங்கள். புளிப்பும் வாசமும் இருந்தால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. ஒரே நாளில் குறைக்காமல் படிப்படியாகக் குறையுங்கள். அவருக்கு எவ்வளவு என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து: தூள் போட்டதும் கருகுகிறது. குறைவாக வதக்கினால் பச்சை வாசனை.

தூளைத் தண்ணீரில் குழைத்து, வெங்காயம் வதங்கிய எண்ணெயில் போடுங்கள் தம்பி. சிறு தீயில் எண்ணெய் பிரிந்து வரும்வரை கிளறுங்கள். மலாய்க்காரர்கள் 'பெச்சா மிஞ்யாக்' என்பதும் இதைத்தான். மசாலா வாசம் பெரும்பாலும் எண்ணெயில்தான் இறங்கும். தண்ணீரில் கொதிக்கவிட்டு வாசம் வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

மீன் கறிக்கும் இதே தூளா?

இதே தூள்தான். தாளிக்கும்போது ஹல்பா சம்பூர் ஒரு தேக்கரண்டி சேர்த்துக்கொள்ளுங்கள்: வெந்தயம், கடுகு, சீரகம், சோம்பு கலந்து இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும். மீன் வாடைக்கு வெந்தயம் நல்ல எதிரி.

கறிவேப்பிலை, பாண்டான் இலை, புங்கா கந்தான் (இஞ்சி வகைச் செடியின் பூமொட்டு) எல்லாம் எப்போது போடுவது?

கறிவேப்பிலை தொடக்கத்தில் எண்ணெயில். பாண்டானை முடிச்சுப் போட்டு, சோறு வேகும்போதே. பாஸ்மதி அரிசிக்கு வாசம் தரும் அதே பொருள்தான் அந்த இலையிலும் இருக்கிறது. சாதாரண அரிசிக்கு அது போதும். புங்கா கந்தானைப் புளி போட்ட மீனுக்குப் போடுங்கள், அசாம் லக்சா என்ற புளி மீன் நூடுல்ஸில் போடுவதுபோல. சாம்பாரில் போட்டுப் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஐயா, அது உங்கள் வீட்டோடு இருக்கட்டும்.

சின்னப் பிள்ளைக்குக் காரம் ஆகாது, தாத்தாவுக்குக் காரம் இல்லாமல் ஆகாது. இரண்டு தடவை சமைக்கணுமா?

வேண்டாம். மிளகாயில்லாத தூளில் ஒரே கறி வையுங்கள். பிள்ளைக்கு எடுத்து வைத்துவிட்டு, இரண்டு கரண்டி எண்ணெயில் மிளகாய்த்தூளைப் பொரித்து மிச்சத்தில் ஊற்றிக் கிளறுங்கள். எண்ணெயைச் சூடாக்கி, அடுப்பை அணைத்தபிறகே தூளைப் போடவும்; இல்லையென்றால் வீடே இருமும்.