வாசகர் கேள்வி – பதில்: மாத்திரை வாசலுக்கு வந்த பிறகு

வீடு தேடி வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற அரசுத் திட்டம் பற்றிச் சென்ற இதழில் வெளியான சிறு குறிப்பைப் படித்த வாசகர்கள், தமிழ்நாட்டின் பொது சுகாதாரம் குறித்துப் பல கேள்விகளை அனுப்பியிருக்கிறார்கள். அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறோம்.

திருவாரூர் வாசகர்: மாதம் ஒருமுறை ஒரு பெண் வீட்டுக்கு வந்து என் தாயாருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார். பத்து நிமிட நடையில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கும்போது இப்படி வீடு தேடி வருவது வீண் செலவல்லவா?

பார்வைக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் 2020-இல் தமிழ்நாட்டில் 18 முதல் 69 வயது வரையுள்ளவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவைப் பார்த்தால் உங்கள் கருத்து மாறக்கூடும். நூறு பேரில் ஏறத்தாழ 34 பேருக்கு உயர் இரத்த அழுத்தமும், 17 பேரைவிடச் சற்று அதிகமானோருக்கு நீரிழிவும் இருந்தன. அது கூட அதிர்ச்சியில்லை. உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தோர் 7.3 சதவீதம் மட்டுமே, நீரிழிவில் 10.8 சதவீதம். 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் வழியாக மாத்திரைகள் தட்டுப்பாடின்றி அரசு மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்த மாநிலத்தில்தான் இந்த நிலை. நீங்கள் சொல்லும் பத்து நிமிட நடையில் நிலையமும் இருந்தது, அங்கே இலவச மாத்திரையும் இருந்தது, ஆனால் நோயாளி மட்டும் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு நோயின் இயல்பிலேயே பாதி விடை இருக்கிறது. இரத்த அழுத்தம் வலிப்பதில்லை. ‘தலை சுற்றவில்லை, மயக்கம் வரவில்லை, பிறகு எதற்கு மாத்திரை?’ என்று கேட்காத வீடு குறைவு. மாத்திரை அட்டை தீர்ந்ததும் அடுத்த அட்டைக்காக ஒரு நாள் கூலியை விட வேண்டும் என்றால், வலிக்காத நோய்க்காக யாரும் அதை விடுவதில்லை. மறுபாதி விடை நம் சுகாதார அமைப்பு வளர்ந்த விதத்தில் இருக்கிறது. சென்னை மாகாணம் 1939-இலேயே பொது சுகாதாரத்துக்கெனத் தனிச் சட்டம் கண்டது. அம்மை, காலரா, பிரசவ மரணம் ஆகியவற்றை எதிர்த்தே இந்த அமைப்பு வளர்ந்தது. கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் கர்ப்பத்துக்குப் பத்து மாதம், தடுப்பூசிக்கு ஓர் அட்டவணை, தொற்றுக்கு ஒரு தொடக்கமும் முடிவும் உண்டு. நாற்பது வயதில் தொடங்கி எழுபது வயது வரை ஒரே மனிதரை மாதந்தோறும் விடாமல் தொடர வேண்டிய வேலைக்கு அந்தப் பதிவேட்டில் பக்கமே இருந்ததில்லை.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இத்திட்டம் அந்தப் பக்கத்தைச் சேர்த்தது. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தன்னார்வலர்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் பிரஷர் கருவி, சர்க்கரை பார்க்கும் கருவி, மாத்திரைப் பை ஆகியவற்றுடன் தெருத் தெருவாகச் செல்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்புச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குத் திரவப் பைகளும் வந்து சேர்கின்றன. 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது கிடைத்தது மகிழ்ச்சிதான். ஆனால் விருதை விட, அந்த 7.3 எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கேட்பதே முறை.

திருப்பூர் வாசகர்: நான் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறேன். வயது 38. தன்னார்வலர் வரும் நேரத்தில் நான் வீட்டில் இருந்ததே இல்லை. என் போன்றவர்களுக்கு இத்திட்டத்தால் என்ன பயன்?

திட்டத்தின் மெலிந்த இடத்தைச் சரியாகத் தொட்டிருக்கிறீர்கள். பகலில் கதவைத் தட்டினால் திறப்பவர்கள் முதியவர்களும் வீட்டிலிருக்கும் பெண்களும்தான். மாரடைப்பும் பக்கவாதமும் குடும்பத்தின் வருமானத்தையே முறித்துப்போடும் வயதில் இருக்கும் ஆண்கள் அப்போது தறியிலோ தையல் இயந்திரத்திலோ லாரியிலோ இருக்கிறார்கள். இதை அரசும் உணர்ந்துதான் 2024-இல் தொழிற்சாலைகளுக்கே சென்று பரிசோதிக்கும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைத் தொடங்கியது. நகரங்களில் திறக்கப்பட்ட நகர்ப்புற நலவாழ்வு மையங்களின் நேரத்தையும் காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று பிரித்து வைத்தார்கள். நல்ல யோசனை, ஆயினும் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவருக்கு அந்த மாலை நேரமும் பூட்டிய கதவுதான். உங்கள் கம்பெனியில் பரிசோதனை முகாம் நடந்ததா என்று நிர்வாகத்திடமும் வட்டாரச் சுகாதார அலுவலகத்திலும் கேளுங்கள். அதுவரை, விடுப்பு நாளில் ஒருமுறையேனும் அழுத்தத்தைப் பார்த்துவிடுங்கள். 38 வயது இதற்குச் சின்ன வயதில்லை.

தர்மபுரி வாசகி: என் சித்தப்பாவுக்குக் காசநோய் என்று உறுதியாகி, இலவச மாத்திரையும் தொடங்கிய இருபதாம் நாள் இறந்துவிட்டார். மருந்து சரியாகத்தான் சாப்பிட்டார். பிறகு ஏன் இப்படி ஆனது?

உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். அவர் உடல்நிலையை அறியாமல் ஒரு தனி மரணத்துக்குக் காரணம் சொல்ல இயலாது. ஆனால் காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நேர்கிறது என்பது தெரிந்த உண்மை. மருந்து கிருமியைக் கொல்வதற்கு வாரங்கள் ஆகும். எலும்பும் தோலுமாக வந்து சேரும் நோயாளியின் உடலுக்கு அந்த வாரங்களைத் தாங்கும் வலு இருப்பதில்லை.

இதில் ஒரு வரலாற்று விசித்திரம் உண்டு. 1956-இல் சென்னையில் அமைக்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தே மருந்து உண்பவர்களும் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைகிறார்கள் என்று சில ஆண்டுகளிலேயே நிறுவியது. காசநோயாளியை மாதக்கணக்கில் மருத்துவமனையில் வைத்திருக்க வேண்டியதில்லை என்று உலகம் கற்றுக்கொண்டது இங்கிருந்துதான். ஆனால் ‘எல்லாரையும் சேர்க்க வேண்டியதில்லை’ என்ற அந்தப் பாடம், நாளடைவில் ‘யாரையும் சேர்க்க வேண்டியதில்லை’ என்று நடைமுறையில் திரிந்துபோனது.

2022-இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ இந்தத் திரிபைச் சரிசெய்கிறது. மருத்துவருக்காகவோ எக்ஸ்-ரேவுக்காகவோ காத்திராமல், நோய் உறுதியானவுடன் சுகாதாரப் பணியாளரே சில எளிய விவரங்களைப் பார்க்கிறார். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, இரு கால்களிலும் வீக்கம் உள்ளதா, நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார், விரலில் மாட்டும் கருவி ஆக்ஸிஜன் அளவை 94-க்குக் கீழே காட்டுகிறதா, பிடிமானமின்றி எழுந்து நிற்க முடிகிறதா என்பவையே அவை. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை எண் 14 அல்லது அதற்கும் கீழே இருந்தாலோ, மூச்சு நிமிடத்துக்கு 24-ஐத் தாண்டினாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ அவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்து, ஊட்டச்சத்தும் தேவையானால் ஆக்ஸிஜனும் கொடுக்கிறார்கள். எடைபோடும் இயந்திரமும் அளவு நாடாவும் கைக்கடிகாரமும்தான் இதற்கான பெரும்பாலான கருவிகள். புதிய அணுகுமுறை என்றதும் செயலியையும் செயற்கை நுண்ணறிவையும் மட்டுமே எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். எனக்கு இதுவே அண்மைக் காலத்தில் கண்ட மிகச் சிறந்த யோசனையாகப் படுகிறது.

உங்கள் வீட்டில் அவருடன் வசித்த அனைவருக்கும் காசநோய்ப் பரிசோதனை அவசியம். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கரூர் வாசகர்: பாம்புக்கடியை நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டார்களாமே? பாம்பு கடிப்பதும் நோயா?

நோய் அல்ல, ஆனால் அறிவிக்கப்பட வேண்டிய ஒன்று. முன்பு சொன்ன 1939-ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் 2024 நவம்பரில் அவ்வாறு ஆணை பிறப்பிக்கப்பட்டது. இதன்படி தனியார் மருத்துவமனைகளும் பாம்புக்கடி விவரத்தை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் ஒரே நஞ்சுமுறி மருந்துதான் என்றாலும், எந்த ஊரில் எந்த மாதத்தில் கடி அதிகம் என்று தெரிந்தால்தான் அம்மருந்தை அங்கே முன்கூட்டியே இருப்பு வைக்க முடியும். அந்த மருந்துக்கான நஞ்சைச் செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பல பத்தாண்டுகளாகச் சேகரித்துத் தருகிறார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

மதுரை வாசகர்: ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த பரிசோதனை எல்லாவற்றையும் பெரியாஸ்பத்திரியில் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். எல்லாம் ஒரே அரசுதானே?

ஒரே அரசு, மூன்று இயக்ககங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தின் கீழும், தாலுகா மற்றும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இயக்ககத்தின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழும் வருகின்றன. தடுப்புப் பணிக்கென்று தனி இயக்ககம் இருப்பது தமிழ்நாட்டின் பெரிய பலம். பல மாநிலங்களில் அது இல்லை. அந்தப் பலத்துக்கு நாம் கொடுக்கும் விலைதான், மஞ்சள் பையில் பழைய சீட்டுகளைச் சுமந்துகொண்டு நோயாளி அலைவது. மூன்று இடத்திலும் ஒரே பதிவு திறக்கும்வரை அந்தப் பையைத் தொலைத்துவிடாதீர்கள்.

பெயர் வெளியிட விரும்பாத தன்னார்வலர்: எங்கள் வட்டாரக் கூட்டத்தில் ‘இந்த மாதம் எத்தனை வீடு, எத்தனை பேருக்கு மாத்திரை’ என்று மட்டுமே கேட்கிறார்கள். நான்கு மாதமாக இரத்த அழுத்தம் 170-லேயே நிற்கும் பாட்டியைப் பற்றிச் சொன்னால், ‘மாத்திரை கொடுத்தாச்சா?’ என்பதோடு முடித்துவிடுகிறார்கள். நான் என்ன செய்வது?

இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களிலேயே நான் இருமுறை படித்தது உங்களுடையது. எண்ணிக்கையை எண்ணுவது எளிது, கட்டுப்பாட்டை அளப்பது கடினம் என்பதால், எந்தத் திட்டமும் எளிதானதை நோக்கியே சரியும். ஆனால் உங்கள் கையில் இருப்பது மாத்திரை விநியோகம் மட்டுமல்ல. நான்கு மாத அளவுகளை ஒரே மனிதரிடம் தொடர்ந்து பார்த்தவர் அந்த வட்டாரத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

முதலில், பாட்டி மாத்திரையை உண்மையிலேயே சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். முன்பு கொடுத்த அட்டைகள் பிரிக்கப்படாமல் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கக்கூடும். சாப்பிடுகிறார் என்றால், மாத்திரையின் அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. 140-க்கு 90 என்ற எல்லைக்கு மேல் தொடர்ந்து இருப்பவருக்குப் பழைய மாத்திரையையே ஐந்தாம் மாதமும் கொடுப்பதில் பொருளில்லை. அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது வாய்மொழியாகச் சொல்லாமல், பெயர், தேதி, நான்கு அளவுகள் ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, மருத்துவ அலுவலரின் கையிலேயே கொடுங்கள். பாட்டியைப் போல இன்னும் எத்தனை பேர் உங்கள் தெருக்களில் இருக்கிறார்கள் என்பதையும் அதே தாளின் கீழே எழுதிவிடுங்கள்.