காலியில் கிடைத்த மும்மொழிக் கல்

கேள்வி: கொலம்பஸ், வாஸ்கோ ட காமா தவிர, 15ஆம் நூற்றாண்டின் கடல் பயணங்களில் உங்களை அதிகம் யோசிக்க வைத்தது எது?

கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கல்வெட்டு. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான உயரம். உச்சியில் இரண்டு டிராகன்கள், கீழே சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். பாரசீகப் பகுதி நிறையத் தேய்ந்துவிட்டது. தமிழ்ப் பகுதியில் வெகுநேரம் கண்ணை ஓட்டிய பிறகு ஓரிரண்டு எழுத்துகள் பிடிபட்டன. அந்தக் கணம் உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் அது இலங்கையில் வெட்டிய கல் அல்ல. 1409இல் சீனாவின் நான்ஜிங்கில் வெட்டி, கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தது.

கொண்டு வந்தவர் செங் ஹே. யுன்னானில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, மிங் பேரரசர் யோங்லேவின் கடற்படைத் தலைவரானவர். 1405 முதல் 1433 வரை ஏழு பயணங்கள். முதல் பயணத்திலேயே கிட்டத்தட்ட 27,000 பேருடன் கோழிக்கோடு வரை வந்தவர். காமா மூன்று கப்பல்களோடு அங்கே வந்தது 1498இல்தான்.

சீன வாசகம் புத்தருக்கு. பாரசீகம் அல்லாஹ்வுக்கு. தமிழ், இலங்கையின் தென்முனையிலுள்ள தெவிநுவரையில் கோயில் கொண்ட தெனாவரை நாயனாருக்கு, அதாவது விஷ்ணுவுக்கு. 1000 பொன், 5000 வெள்ளி, பட்டு, நறுமண எண்ணெய் என்று மூவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு காணிக்கை.

ஏன் தமிழ்? இந்தப் பக்கத்துத் துறைமுகங்களில் யாரிடம் பேச வேண்டும் என்று சீனர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதுதான் என் எண்ணம். தமிழ் வணிகர்கள் அவர்களுக்குப் புதியவர்கள் அல்ல. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்திலேயே 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு, அங்கிருந்த சிவன் கோயிலுடையது. "ஐரோப்பியர் வந்துதான் கடல்வழி திறந்தது" என்று பள்ளியில் படித்ததை நான் கைவிட்டது இதையெல்லாம் படித்த பிறகுதான். அரபிகள், குஜராத்திகள், தமிழர்கள், சீனர்கள் எல்லாரும் பருவக்காற்றைப் பார்த்துப் போய் வந்துகொண்டிருந்த கடல் அது.

அதற்காகச் சீனர்கள் வெறும் காணிக்கையோடு வந்தார்கள் என்று சொல்வதும் சரியில்லை. இந்தக் கல்லைக் கொண்டுவந்த அதே மூன்றாவது பயணத்தில்தான் செங் ஹேயின் படை, அப்போது இலங்கையில் அதிகாரம் செலுத்திய அழகேசுவரனோடு போரிட்டு, அவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுபோனது. பேரரசர் பிறகு விடுவித்தார் என்றாலும் படையெடுப்பு படையெடுப்புதான்.

அப்புறம், தெவிநுவரைக் கோயிலை 1588இல் போர்த்துக்கீசியர் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இந்தக் கல்லும் எப்போதோ மறக்கப்பட்டு, 1911இல் இலங்கையின் காலி நகரில் கண்டெடுத்தபோது ஒரு சிறு பாலத்தின் மூடுகல்லாகக் கிடந்தது. நாயனாரின் பெயரைச் சுமந்தபடி.