அணியும் திரைகள்: கை ஒத்துழைக்காதவருக்கு எந்த அளவு உதவும்?

உடலியக்கக் குறைபாடு உள்ளவர்களுக்கு உதவுகருவிகளைப் பொருத்திப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஸ்மார்ட் கண்ணாடி, ஹெட்செட் முதலிய, தலையில் அணியும் திரைகளைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் அண்ணனுக்குக் கழுத்துத் தண்டுவடத்தில் சி5 மட்டத்தில் காயம். தோளை அசைப்பார், முழங்கையை மடக்குவார், விரல்கள் இயங்கா. போனைப் பிடிக்க முடியாததால் ஸ்மார்ட் கண்ணாடி வாங்க நினைக்கிறோம். யார் துணையும் இல்லாமல் அவரால் பயன்படுத்த முடியுமா?

பதில்: போனைக் கையில் பிடிக்க வேண்டாம், மடியைக் குனிந்து பார்க்க வேண்டாம், கீழே விழுந்தால் எடுத்துத் தர ஆள் தேட வேண்டாம் என்ற மூன்று நன்மைகளும் உண்மையானவை. ஆனால் திரை கண்ணுக்கு எதிரே வந்துவிட்டது என்பதாலேயே, அதற்குக் கட்டளையிடும் வழியும் கிடைத்துவிட்டது என்று பொருளாகாது. 2013இல் பயனர்களின் கைக்கு வந்த கூகுள் கிளாஸைப் பாருங்கள். குரலாலும் தலையசைவாலும் சிலவற்றைச் செய்ய முடிந்தாலும், பல வேலைகளுக்கு அதன் வலப்பக்கக் காம்பில் இருந்த டச்பேடை விரலால் தட்டவும் தேய்க்கவும் வேண்டியிருந்தது. மேரிலேண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், மேலுடல் இயக்கம் குறைந்த 6 பேரிடம் அந்தக் கண்ணாடியைக் கொடுத்தபோது, 3 பேரால் அதைப் பயன்படுத்தவே முடியவில்லை. அதே ஆய்வின் அடுத்த பகுதியில், உடலிலோ சக்கர நாற்காலியிலோ அவரவர் தேர்ந்த இடத்தில் ஒட்டிக்கொள்ளக்கூடிய டச்பேடுகளைக் கொடுத்தார்கள். பங்கேற்ற 12 பேராலும் திரையை இயக்க முடிந்தது. தொடும் இடம் அவரவர் உடலுக்கு ஏற்ப அமைந்தபோது கருவி வசப்பட்டது.

உங்கள் அண்ணன் முழங்கையை மடக்கிக் கையை நெற்றிப்பொட்டு வரை கொண்டுபோய்விடுவார். ஆனால் அங்கே விரல் நுனியால் தேய்க்க இயலாது, நாளுக்குப் பலமுறை அப்படித் தூக்கினால் தோள் வலி வேறு சேரும். ஆகவே, நாற்காலியின் கைப்பிடியிலோ மடிப்பலகையிலோ, உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்தும்படி ஒரு புளூடூத் சுவிட்சைப் பொருத்த முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து சுவிட்சை ஏற்காத கண்ணாடி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், அவருக்கு அதை வாங்காதீர்கள்.

கேள்வி: கண்ணுக்கு இவ்வளவு அருகில் உள்ள திரை எப்படித் தெளிவாகத் தெரிகிறது?

பதில்: நாம் பார்ப்பது அந்தச் சிறு திரையை நேரடியாக அன்று. முப்பட்டகமோ, ஒளியைத் தனக்குள்ளேயே கடத்திச் செல்லும் மெல்லிய கண்ணாடித் தகடோ அந்தப் படத்தைத் திருப்பிக் கண்ணுக்குள் அனுப்புவதால், படம் சற்றுத் தொலைவில் மிதப்பதாகக் கண் எடுத்துக்கொள்கிறது. பக்கவாதத்தால் பார்வைப் புலத்தின் ஒரு பாதியை இழந்தவருக்குப் படம் எந்தப் பக்கத்தில் தோன்றுகிறது என்பது முக்கியம். இழந்த பக்கத்தில் தோன்றினால் அவருக்குத் திரையே இல்லை.

கேள்வி: என் தாயாருக்கு ஏ.எல்.எஸ். நோய். கழுத்து வலுவிழந்து வருகிறது. கண் அசைவால் இயங்கும் ஹெட்செட் அவருக்கு ஏற்றதா?

பதில்: தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழியும் இந்நோயில் கை, கால், பேச்சு ஆகியவை தளர்ந்த பின்னரும் கண் அசைவு பெரும்பாலும் நெடுநாள் நிலைத்திருக்கும். அதனால் கண்ணை நம்பித் திட்டமிடுவது சரிதான். சிக்கல் எடையில் இருக்கிறது. கூகுள் கிளாஸ் சுமார் 40 கிராம். மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்ட ஹோலோலென்ஸ் 2 ஹெட்செட்டோ 566 கிராம். 2024இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் விஷன் ப்ரோ ஹெட்செட், பேட்டரியைத் தனியே வைத்தும், 600 கிராமைத் தாண்டியது. கழுத்துத் தசைகள் தளர்ந்தவரின் தலையில் அரைக் கிலோவுக்கு மேல், அதுவும் முகத்தின் முன்பக்கமாக, ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் சோதிக்கும்போது யாரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஹெட்செட்டின் பின்பட்டை, சக்கர நாற்காலியின் தலைச்சாய்வில் இடிக்கும். தலை முன்னுக்குத் தள்ளப்படும். கால் மணி நேரத்தில் முகவாய் மார்பில் விழுந்துவிடும்.

உங்கள் தாயாருக்கு, கண் அசைவைப் படிக்கும் கேமரா பொருத்திய திரையைத் தாங்கியில் நிறுத்திப் படுக்கைக்கு எதிரே வைப்பதே இப்போதைக்கு நல்லது என்பது என் முடிவு. அணியும் கருவிதான் வேண்டும் என்றால் மிக இலேசான கண்ணாடி வகையை மட்டும் முயன்று பாருங்கள். கழற்றியதும் மூக்குத்தண்டிலும் காதின் பின்புறத்திலும் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: கண்ணால் இயக்கினால், பார்ப்பதெல்லாம் அழுத்தப்பட்டுவிடாதா?

பதில்: மிகச் சரியான ஐயம். இதற்கு ‘மைடாஸ் தொடுகை’ என்றே பெயர். தொட்டதெல்லாம் பொன்னாகிவிட, உண்ணும் உணவையும் இழந்த கிரேக்கக் கதையின் அரசன் அவன். ராபர்ட் ஜேக்கப் என்ற ஆய்வாளர் 1990இல் இந்தப் பெயரால் சிக்கலை விளக்கினார். கண் என்பது பார்ப்பதற்கு உரிய உறுப்பு. அதையே விரலாகவும் பயன்படுத்தச் சொன்னால், எது பார்வை, எது கட்டளை என்று கருவிக்குத் தெரிவதில்லை. வழக்கமான தீர்வு, ஒரே இடத்தைக் குறிப்பிட்ட நேரம் உற்றுப் பார்த்தால் மட்டும் அதை அழுத்தமாகக் கொள்வது. அந்த நேரத்தைக் குறைத்தால் தவறுகள் பெருகும். கூட்டினால் கண் எரியும். புதியவர்களுக்கு நான் 1 விநாடியில் தொடங்கி, பழகப் பழகக் குறைப்பேன். உடலில் ஏதேனும் ஓர் அசைவு எஞ்சியிருந்தால், அது பெருவிரலின் சிறு துடிப்பாகவே இருந்தாலும், கண்ணால் குறிவைத்து அந்த அசைவால் அழுத்தும் முறையையே தேர்வு செய்யுங்கள். களைப்பு வெகுவாகக் குறையும். விஷன் ப்ரோவில் கண்ணால் பார்த்து விரல்களைச் சேர்ப்பது இயல்பான முறை என்றாலும், உற்றுப் பார்த்து அழுத்துவதற்கும், தலையாலோ மணிக்கட்டாலோ குறியை நகர்த்துவதற்கும் அதன் அமைப்புகளிலேயே இடம் இருக்கிறது.

அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பட வைத்து, கருவிழியில் தெரியும் அதன் எதிரொளிப்பையும் கண்மணியையும் கேமரா கவனிப்பதால்தான் கண் அசைவைப் படிக்கும் கருவிகள் இயங்குகின்றன. இமை தொங்கியிருந்தாலோ மாறுகண் இருந்தாலோ கணிப்பு தவறக்கூடும்.

கேள்வி: என் மகளுக்கு மூளை முடக்குவாதம். பேச்சு வீட்டாருக்கு மட்டும்தான் புரியும். குரலால் இயங்கும் கண்ணாடி பயன்படுமா?

பதில்: குரலை மட்டும் நம்பும் கருவி வேண்டாம். காலையில் புரிந்துகொண்ட கருவி, களைத்த மாலையில் அதே சொல்லைப் புரிந்துகொள்ளாமல் போகும். குழந்தைக்கு அது தன் தோல்வியாகத் தோன்றும், அது எனக்குப் பொறுக்காது. ஆனால் கண்ணாடியை வேறொரு விதத்தில் எண்ணிப் பாருங்கள். பேச உதவும் டேப்லெட் முகத்துக்கு முன்னால் நிற்பதால், எதிரே இருப்பவர் குழந்தையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துப் பேசுகிறார். சொற்கள் கண்ணாடிக்குள் தோன்றி, அவள் ஒரு சுவிட்சால் தேர்ந்தெடுக்க, ஸ்பீக்கர் அதை ஒலித்தால், இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியும்.

கேள்வி: பார்க்கின்சன் நோயுள்ள அப்பா நடக்கும்போது திடீரென்று கால் தரையில் ஒட்டியதுபோல் நின்றுவிடுகிறார். கண்ணாடியில் கோடுகள் காட்டினால் நடப்பார் என்கிறார்களே?

பதில்: தரையில் குறுக்குக் கோடுகள் இருந்தால், உறைந்து நின்ற கால் அவற்றைத் தாண்ட எழும்புவது பலரிடம் காணப்படும் உண்மை. தானாக நடக்கும் நடையை, பார்த்து எடுத்துவைக்கும் நடையாக அது மாற்றுகிறது. ஆனால் எல்லோருக்கும் இது பலிப்பதில்லை. எனவே முதலில் அவர் வழக்கமாக நின்றுவிடும் வாசற்படி அருகே, ஓர் அடிக்கு ஒன்றாக, தரையின் நிறத்தோடு மாறுபடும் டேப்பை ஒட்டிப் பாருங்கள். அதற்கே கால் எழவில்லை என்றால் கண்ணாடிக்கு எழும் வாய்ப்பு குறைவு. டேப் உதவினாலும், படம் தெரியும் பரப்பு குறுகலான கண்ணாடியில் கோட்டைத் தேடித் தலையைக் கவிழ்க்க நேரும். அது விழுவதற்கு வழி. முதல் சில நாள்கள் ஒருவர் கைகொடுத்து உடன் நடக்க வேண்டும்.

கேள்வி: தசையின் மின்சாரத்தைப் படிக்கும் கைப்பட்டை வந்திருக்கிறதாமே?

பதில்: ஆம். 2025இல் மெட்டா தன் திரைக் கண்ணாடியுடன் அத்தகைய பட்டையை விற்கத் தொடங்கியது. தசைக்கு வரும் கட்டளையின் மின்தடயத்தை அது தோலின் மேலிருந்தே அறிவதால், விரல் கண்ணுக்குத் தெரியும்படி அசைய வேண்டியதில்லை. இது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. ஆனால் தண்டுவடக் காயத்தில் முன்கைத் தசைக்குச் செய்தி சிறிதேனும் போய்ச் சேர்கிறதா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அணிந்து சோதிக்காமல் வாங்க வேண்டாம்.

கேள்வி: கண்ணாடியாலேயே மின் சக்கர நாற்காலியை ஓட்டலாமா?

பதில்: சாலையில் கூடாது. வீட்டுக்குள் முயன்றாலும், கண்ணாடியைச் சாராத நிறுத்தும் பொத்தான் ஒன்று நாற்காலியில் இருப்பவருக்கோ உடனிருப்பவருக்கோ எட்ட வேண்டும்.

கேள்வி: எல்லாம் பொருந்தி வந்தால், வேறென்ன கவனிக்க வேண்டும்?

பதில்: கண்ணாடியை மாட்டிவிடுவது யார், அது நழுவினால் சரிசெய்வது யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் பழக்கிய இளைஞர் ஒருவர் கண்ணால் தட்டச்சு செய்வதில் நன்றாகத் தேறியிருந்தார். ஒரு நாள் வியர்வையில் கண்ணாடி மூக்கில் இரண்டு மில்லிமீட்டர் இறங்கியது. அவர் ஓர் எழுத்தைப் பார்த்தால், கருவி அதற்கு அடுத்த வரியில் உள்ள எழுத்தை எடுத்தது. உதவிக்கு அழைக்கும் கட்டமும் அந்தக் கண்ணாடிக்குள்தான் இருந்தது. தாயார் அறைக்குத் திரும்பும்வரை முக்கால் மணி நேரம், பிழையான எழுத்துகளைப் பார்த்தபடி அவர் காத்திருந்தார். மறுநாள் காதுப்புறத்தில் சிலிக்கோன் பிடிப்பான்களை மாட்டினோம். அழைக்கும் கட்டத்தைத் திரையின் கால் பங்கு அளவுக்குப் பெரிதாக்கினோம். கன்னத்தால் அழுத்தும்படி, கண்ணாடியோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஓர் அழைப்புமணியையும் தலையணை ஓரத்தில் கட்டினோம். அந்த மணியைக் கண்ணாடி வருவதற்கு முன்பே நான் கட்டியிருக்க வேண்டும்.