பதக்கத்தை மறைக்காத மாலை

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சிறுவர் முதல் பெரியவர் வரை அனைவரும் ‘சார்ஜன் ஐயா’ என்று அழைக்கும் முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் வாழ்கிறார். 1967இல் படையில் சேர்ந்து, 21 ஆண்டுகள் பணியாற்றித் திரும்பியவர். அன்று முதல் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல், தமிழ்ப்பள்ளித் துப்புரவுப் பணி, தனித்து வாழும் முதியவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது, இறப்பு வீட்டுக் காரியங்கள் என எல்லாவற்றிலும் முன்னே நிற்கிறார். வயது எண்பதை நெருங்குகிறது. மண்டபம் எடுத்து, பிரமுகர்களை அழைத்து, பொன்னாடை போர்த்தி விழா நடத்த விரும்பினோம். “அந்தப் பணத்தைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுங்கள்” என்று மறுத்துவிட்டார். அவரை எப்படித்தான் கௌரவிப்பது?
— வாசகி, டத்தோ கிராமாட், பினாங்கு

பதில்: அவர் மறுத்தது உங்கள் அன்பை அன்று, செலவை மட்டுமே. ஆகவே மனம் தளராதீர்கள், அம்மா. மண்டபம் வேண்டாம்; உங்கள் குடியிருப்பின் கீழ்த்தளமே போதும். அங்கே ஒரு மாலை நேரத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அவரைத் தம் பதக்கங்களை அணிந்து வருமாறு கேட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். நம் விழாக்களில் ஆளுயர மாலையும் அதன்மேல் பொன்னாடையும் விழும்போது, ஒருவர் 21 ஆண்டுகள் உழைத்துப் பெற்ற பதக்கங்கள் முழுவதும் மறைந்துவிடுகின்றன. படம் எடுப்பவருக்கும் சரிகைதான் கிடைக்கிறது. எனவே மாலையை அவர் கையில் கொடுங்கள், மார்பு திறந்திருக்கட்டும்.

பிறகு அவரைப் பேச விடுங்கள். அவர் பணியாற்றிய காலம் சாதாரணமானது அன்று. 1948இல் மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராகத் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31ஆம் நாள் முடிவுக்கு வந்தது என்று பள்ளியில் படித்ததோடு பலர் நின்றுவிடுகிறோம்; ஆனால் 1968இல் கம்யூனிஸ்ட் ஆயுதப் போராட்டம் மீண்டும் தலைதூக்கி, 1989 டிசம்பர் 2ஆம் நாள் தாய்லாந்தின் ஹாட்யாயில் அமைதி உடன்பாடு கையெழுத்தாகும் வரை நீடித்தது. சார்ஜன் ஐயாவின் இளமை ஏறத்தாழ முழுவதும் அந்த ஆண்டுகளுக்குள் அடங்கியிருக்கிறது. கிரிக்கையும் ஜெலியையும் இணைத்து 1982இல் திறக்கப்பட்ட கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் இன்று கிளந்தானுக்குக் காரில் போகிறோமே, காட்டுக்குள் அதை அமைத்த தொழிலாளர்களுக்கு அன்று ராணுவம் காவல் நின்றது. அவர் அங்கே இருந்தாரா, வேறெங்கே இருந்தார் என்பதை அவரிடமே கேளுங்கள். தமிழ்ப்பள்ளியின் மேல்வகுப்பு மாணவர் இருவரோ மூவரோ குறிப்பெடுக்கட்டும், ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்யட்டும். சுடப்பட்டவர்கள், கண்ணிவெடியில் கால் இழந்த நண்பர்கள் ஆகியோரைப் பற்றி அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டுமே தவிர, தூண்டித் துருவக் கூடாது. எழுதியதை அவரிடம் படித்துக் காட்டி, அவர் திருத்திய பின்னரே பிரதி எடுங்கள்.

நாளும் உங்களுக்குக் காத்திருக்கிறது. அவசரகாலம் முடிந்த அதே ஜூலை 31ஆம் நாளைத்தான் நாடு வீரர்கள் தினமாக, ஹரி பஹ்லவானாக, நினைவுகூர்கிறது. அன்று காலை பாடாங் கோத்தா லாமாவில் கடலைப் பார்த்து நிற்கும் போர் நினைவுச் சின்னத்துக்கு அவரை அழைத்துச் சென்று, மாலையில் குடியிருப்பில் கூடலாம். மாநில விருதுக்கும் பரிந்துரை எழுதுங்கள். பினாங்கு ஆளுநரின் பிறந்தநாளையொட்டி வழங்கப்படும் பிங்காட் ஜாசா மாஷாராக்காட், பெயரிலேயே சமூகச் சேவையைச் சொல்லும் பதக்கம். “நல்லவர், வல்லவர்” என்று எழுதாமல், எந்த ஆண்டு, எந்தப் பணி, எத்தனை குடும்பம் என்று எழுதுங்கள்.

இன்னொன்று, எனக்கு இதுவே முதன்மையாகப் படுகிறது. எண்பதை நெருங்கும் ஒருவர் இன்னமும் விடியற்காலையில் பந்தல் கால் நடுகிறார் என்றால், நாம் கைகட்டி நிற்கிறோம் என்றே பொருள். பினாங்கில் பழைய வீரர் ஒருவர் தண்ணீர்ப் பந்தல் கட்டுவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எந்தக் காற்றுக்கும் நெகிழாத முடிச்சு. விழா முடிந்ததும் நுனியைப் பிடித்து ஓர் இழுப்பு, கயிறு முழுவதும் கையோடு வந்துவிடும். அதைக் கற்றுக்கொள்ள அன்று அவரருகில் ஓர் இளைஞனும் இல்லை. அந்தக் காட்சி இன்றும் என்னை உறுத்துகிறது. வரும் தைப்பூசத்துக்கு உங்கள் பிள்ளைகள் நால்வரைச் சார்ஜன் ஐயாவிடம் அனுப்பிக் கயிற்றைக் கையில் வாங்கச் சொல்லுங்கள். தண்ணீர்மலைக்குப் போகும் பக்தர்களுக்குப் பிள்ளைகள் மோர் ஊற்ற, அவர் நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை பார்க்கட்டும். அந்த அழைப்பை அவர் மறுக்க மாட்டார்.

கேள்வி: என் அப்பா ராணுவத்தில் பத்தாண்டுகள் சமையற்காரராக இருந்தார். ஓய்வூதியம் இல்லை. இப்போது கோவில் அன்னதானத்துக்கு அவர்தான் சமைக்கிறார். “நான் என்ன வீரன்?” என்கிறார். அவரையும் படைவீரராகக் கௌரவிக்கலாமா?
— வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: தயங்காமல் செய்யுங்கள். 2012ஆம் ஆண்டின் படைவீரர் சட்டம், ஒருவர் துப்பாக்கி ஏந்தினாரா, கரண்டி பிடித்தாரா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பசித்த வயிற்றோடு எந்தப் படையும் ரோந்து போனதில்லை. 21 ஆண்டுகள் நிறைவு செய்யாததால் ஓய்வூதியம் பெறாத வீரர்கள் நாட்டில் ஏராளம். அவர்களுக்கும் உதவிகள் உண்டு என்பதால், ஜே.எச்.இ.வி. எனப்படும் படைவீரர் விவகாரத் துறையில் அப்பாவின் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். அடுத்த அன்னதானத்தன்று அவரை அடுப்படிக்கு விடாமல், முதல் பந்தியில் அமர வைத்து நீங்களே இலை போட்டுப் பரிமாறுங்கள்.