கெக் வாங்கினால் பீர் கெடாதா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வீட்டில் 10 லிட்டர் அளவில் பீர் காய்ச்சுகிறேன். ஹாப்ஸ் (பீருக்கு மணமும் கசப்பும் தரும் பூ) தாராளமாகப் போட்ட ஐபிஏ வகை பீர், ஃபெர்மெண்டரில் (நொதிக்கவைக்கும் கலனில்) இருக்கும்வரை ஆரஞ்சுத் தோல் மாதிரி மணக்கிறது. பாட்டிலில் அடைத்து மூன்றே வாரத்தில் நிறம் கறுத்து, நனைந்த அட்டைப்பெட்டி போல ஒரு சுவை. ‘காற்றுப் படாமல் மாற்றினால் சரியாகும்’ என்று கடைக்காரர் கெக் (பீரை அழுத்தத்தில் அடைத்து வைக்கும் உலோகக் கலன்), கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர், ரெகுலேட்டர் எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நோயை அவர் சரியாகச் சொல்லிவிட்டார். மருந்தைத்தான் பெரிய புட்டியாகத் தரப் பார்க்கிறார்.

ஈஸ்ட் போடும் முதல் நாள் மட்டும்தான் காற்று வேண்டும். நொதித்து முடிந்தபின் நுழையும் ஆக்ஸிஜன் ஹாப்ஸ் வாசனையைத் தின்னும், நிறத்தைக் கெடுக்கும், அப்புறம் அந்த அட்டைப்பெட்டிச் சுவை.

பாட்டிலில் காஸ் உண்டாகச் சர்க்கரைப் பாகு கலக்க இன்னொரு வாளிக்கு மாற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வாளிதான் திருடன். சர்க்கரையை அளந்து நேராகப் பாட்டிலிலேயே போடுங்கள். ஃபெர்மெண்டரின் குழாயில், பாட்டிலின் அடிவரை எட்டும் குழல் ஒன்றை மாட்டி, கீழிருந்து மேலாக நிரப்புங்கள். கழுத்தில் ஒரு விரல் அகலம் இடம் போதும். நுரை வாய்வரை எழும்போது அதன்மேலேயே மூடியை வைத்து அழுத்துங்கள். மிஞ்சும் கொஞ்சக் காற்றில் பெரும்பகுதியை, சர்க்கரைக்காக விழித்துக்கொள்ளும் ஈஸ்ட்டே இழுத்துக்கொள்ளும். காஸ் ஏறியதும் பாட்டில்கள் ஃபிரிட்ஜுக்குள் போகட்டும். ஏப்ரல் வெயிலில் சமையலறை அலமாரி உதவாது.

இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தும் மனசு ஒப்பவில்லையா, சரி, கெக் வாங்குங்கள். ஆனால் கெக் வந்ததும் காற்று தானாக ஒதுங்கிவிடாது. ‘கார்பன் டை ஆக்ஸைடு கனமானது, போர்வை மாதிரி மேலே படிந்து காக்கும்’ என்பார்கள். வாயுக்கள் கலந்துவிடும், போர்வையெல்லாம் நிற்காது. கெக்கில் 30 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காஸ் ஏற்றித் திறந்துவிட்டால் ஆக்ஸிஜன் மூன்றில் ஒரு பங்காகும், அவ்வளவுதான்: 21 சதவீதம் 7 ஆகும், அடுத்த முறை 2-க்குச் சற்று மேல். சிலிண்டர்தான் காலியாகும். அதைவிட, கெக்கை, காய்ச்சும் பாத்திரங்களுக்கான சானிட்டைசர் கரைசலால் விளிம்புவரை நிரப்பி, காஸை விட்டு அதை வெளியே தள்ளுங்கள். உள்ளே காஸ் மட்டும் மிஞ்சும்.

பிறகு கெக்கின் அழுத்தத்தை விடுவித்துவிட்டு, ஃபெர்மெண்டரை மேசைமேல் ஏற்றி, அதன் குழாயைக் கெக்கின் பீர் வாயில் மாட்டுங்கள். கெக்கின் காஸ் வாயிலிருந்து இன்னொரு குழாய் ஃபெர்மெண்டரின் மேல்மூடிக்குத் திரும்ப வேண்டும். பீர் இறங்க இறங்க, அதே அளவு காஸ் மேலே ஏறும். இந்தத் திரும்பும் குழாயை விட்டுவிட்டால் ஏர்லாக்கை (மூடியில் காஸ் வெளியேறும் நீர் அடைப்பை) கவனியுங்கள்: குமிழி தலைகீழாக உள்ளே போகும். பீர் இறங்கிய இடத்தை அறைக் காற்று பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். பட்டியலில் அந்த மூடி இணைப்பு இருக்கிறதா என்று கடையில் முதலில் கேளுங்கள். அது இல்லாத 28,000 ரூபாய் செட்டால் உங்களுக்குப் பயனில்லை.

சிலிண்டரின் தோளில் பொறித்திருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள். உணவுத் தர காஸ்தானா என்று கேளுங்கள். சிலிக்கான் குழாய் வழியே ஆக்ஸிஜன் ஊடுருவும். அரை மணி நேர மாற்றத்துக்குப் பரவாயில்லை, கெக்கில் நிரந்தரமாக மாட்டி வைக்காதீர்கள்.

இன்னொன்று, கர்நாடகத்தில் மது தயாரிக்கக் கலால் உரிமம் வேண்டும். இவ்வளவு பணம் போடுமுன் கலால் அலுவலகத்தில் உங்கள் நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பில் இல்லாமல் வாங்காதீர்கள். குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பழைய கெக் என்றால் கடையிலேயே காஸ் ஏற்றி, மூடி ரப்பரைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் ரப்பரை மாற்றித் தந்த பிறகு பணம் கொடுங்கள்.